ஏவாமலே எழுந்து நடக்க

அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களை உடற்பயிற்சி செய்யவைக்கப் பல வீடுகளில் கையாளும் வழி ஏவல்தான். ஏவுகிறவர் இல்லாத நாளில் பயிற்சியும் நின்றுவிடும். இதைச் சோம்பல் என்று முடிவுகட்டுவது அநியாயம். மாற்றுத்திறனாளிப் பெரியவர்களுக்கும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தை 2020இல் பரிந்துரைத்தது உலக சுகாதார நிறுவனம். அதை எட்ட முதலில் மாற வேண்டியது நாம் கற்பிக்கும் முறை. தானே தேர்ந்தெடுத்தது, தன்னால் முடிகிறது, கூட ஆள் இருக்கிறது என்ற மூன்று உணர்வுகளில்தான் ஊக்கம் வேர்விடுகிறது என்கிறார்கள் உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும். எனவே நடையா, நடனமா, சைக்கிளா என்பதைப் பயிற்சி செய்பவரே முடிவு செய்யட்டும். ஷூ போடுவது, தண்ணீர் பாட்டில் எடுப்பது, தெருமுனை வரை நடந்து திரும்புவது என ஒவ்வொரு படிக்கும் ஒரு படத்தைச் சுவரில் ஒட்டலாம். முடித்ததை அவரே டிக் அடிக்கலாம். முதலில் கைபிடித்துக் காட்டி, பிறகு வாயால் சொல்லி, அப்புறம் படத்தை மட்டும் சுட்டி, படிப்படியாக விலக வேண்டும்.

தனியே விட்டால் ஆபத்தில்லையா என்ற அச்சம் நியாயமானதே. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்து மூட்டு தளர்ந்திருக்கும், இதயக் கோளாறும் இருக்கலாம். மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். ஆனால் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் உடல்பருமன், நீரிழிவு என ஆபத்தையே வளர்க்கிறது. ஊக்கப்படுத்தப் பரிசு கொடுத்தால் பரிசுக்காகவே செய்வார் என்ற தயக்கமும் ஓரளவு நியாயமானது. பழக்கம் ஊன்றியதும் பரிசைக் குறைத்துக்கொள்ளலாம். பாதுகாப்பு நம் பொறுப்பு. தேர்வு அவருடைய உரிமை. இரண்டையும் சேர்த்தே காப்பதுதான் உண்மையான அக்கறை.