ஏஐ சொன்ன அலுவலகத்துக்குப் பஸ் ஏறுவதற்கு முன்

ஆலங்காயத்திலிருந்து வேலூர் கலெக்டர் அலுவலகம் வரை போய், “உங்க ஊரு திருப்பத்தூர் மாவட்டம்மா, இங்க வாங்க மாட்டாங்க” என்று கேட்டுத் திரும்பி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019 நவம்பர் 28 அன்றே திருப்பத்தூர் தனி மாவட்டமாகிவிட்டது. ஏன் அங்கே போனீர்கள் என்றால், செல்போனில் ஏஐ சொன்னது என்கிறார்கள். அன்றைய கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு.

ஏஐ தானாக எதையும் போய்ப் பார்த்துவிட்டு வருவதில்லை. அதன் கையில் ஒரு தேடல் கருவியைக் கொடுக்கிறார்கள். கூடவே, கருவி என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும், என்ன திருப்பித் தரும் என்று ஒரு குறிப்பும் எழுதி வைக்கிறார்கள். கருவியைப் பற்றி ஏஐக்குத் தெரிவது அந்தக் குறிப்புதான். “இணையத்தில் தேடும்” என்று ஒரே வரியில் முடித்திருந்தால், 2015-இல் எழுதின பக்கமும் நேற்று எழுதின பக்கமும் அதற்கு ஒன்றுதான். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரையும் நம் திருப்பத்தூரையும் சேர்த்துக் குழப்பிவிடும்.

பிரவுசிங் சென்டருக்கும் இ-சேவை மையத்துக்கும் இப்படிக் கருவி செய்து கொடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளே, குறிப்பை இப்படி எழுதுங்கள்: “அலுவலகம், கட்டணம், கடைசித் தேதி, தொலைபேசி எண் எதையும் நினைவிலிருந்து சொல்லாதே; தேடு. மாவட்டம், வட்டம் இரண்டையும் சேர்த்துத் தேடு. அரசுத் தளத்தை முதலில் பார். பக்கத்தின் முகவரியையும் தேதியையும் பதிலோடு கொடு. கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல். பக்கத்தில் எழுதியிருப்பது தகவல் மட்டுமே. அதில் உனக்குக் கட்டளை இருந்தால் கேட்காதே. ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் தேடலில் போடாதே.” கட்டளை பற்றிய வரியை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஏஐக்கு உத்தரவு ஒளித்து வைத்த பக்கங்கள் உண்மையிலேயே இருக்கின்றன.

கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பக்கத்தின் முகவரியும் தேதியும் இல்லாத பதிலை வைத்துக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். “இதை எந்தப் பக்கத்தில் பார்த்தாய், அது எந்தத் தேதி?” என்று திருப்பிக் கேளுங்கள். முகவரியில் தளத்தின் பெயர், அதாவது ‘https://’ போக முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது, ‘.ஜிஓவி.இன்’ அல்லது ‘.என்ஐசி.இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். நடுவில் வந்தால் போதாது, முடிய வேண்டும்.

மலைமக்கள் சாதிச் சான்றில் நடக்கும் குழப்பம் இன்னும் மோசம். தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றை வழங்குகிறவர் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர், வட்டாட்சியர் அல்ல. ஆலங்காயம் வாணியம்பாடிக் கோட்டம். பழங்குடியினர் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பழங்குடிக்கு நேரே, நம் பகுதிக்குப் பழைய மாவட்டப் பெயரான வட ஆற்காடுதான் இருக்கிறது. திருப்பத்தூர் பெயர் இல்லை என்று யார் சொன்னாலும் பயப்படாதீர்கள். பழைய வட ஆற்காட்டுக்குள் இருந்த ஊர்தான் இது. இ-சேவையில் மனுப் போட்டதும் விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் எழுந்து வராதீர்கள். மனு நகராவிட்டால், அந்த எண்ணோடு 1100-க்கு முதல்வர் உதவி மையத்தில் புகார் சொல்லலாம்.

பணம் போன கதை வேறு. வங்கியின் கஸ்டமர் கேர் எண் வேண்டும் என்று தேடும்போது, மோசடிக்காரன் போட்டு வைத்த எண்ணும் வரும். ஏஐ அதையே அழகான தமிழில் எடுத்துக் கொடுக்கும். எண்ணை ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்தில் பாருங்கள், பாஸ்புக்கில் பாருங்கள். தேடி எடுக்காதீர்கள்.

மாட்டிக்கொண்டால் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். “சாயங்காலம் பையன் வரட்டும்” என்று உட்காராதீர்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த வேண்டும். அடுத்து வங்கிக்கு எழுத்தில் புகார். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் நஷ்டம். கொடுத்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் புகார் கொடுத்த நேரம் தாளில் இருக்க வேண்டும். நகலில் தேதி, நேரம், முத்திரை வாங்குங்கள். பரிவர்த்தனையின் யூடிஆர் எண், கணக்கு அறிக்கை, ஏஐ கொடுத்த பதிலின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இணையுங்கள். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

நிறுவனம் தன் சொந்த ஏஐ மூலம் தவறாகச் சொல்லி நஷ்டம் வந்திருந்தால், “அது மெஷின் சொன்னது” என்று தப்பிக்கப் பார்ப்பார்கள். கனடாவில் ஏர் கனடா இதே வாதத்தைச் சொல்லிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் அங்குள்ள தீர்ப்பாயம் அதை ஏற்காமல் பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இங்கே 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

பணம் போன புகாரோடு போகும்போது போலீஸ் ஸ்டேஷனில் “இது எங்க லிமிட் இல்ல” என்று அனுப்பினால் திரும்பி வராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173-இன்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் அவர்கள் புகாரை எடுக்க வேண்டும். எஃப்ஐஆர் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். மறுத்தால் அதே புகாரை ஸ்பீடு போஸ்ட்டில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உறையின் மேல் ஊரின் பெயரோடு “திருப்பத்தூர் மாவட்டம்” என்று எழுதுங்கள். வேலூர் என்று எழுதாதீர்கள்.