பிடித்துப்போன இஞ்சினைப் பொறுமையாக விடுவிப்போம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பல வண்டிகள் ஓடாமல் நின்றன. காரைதீவு போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று, நம் மலையில் பனியும் மழையும். இரண்டுமே இஞ்சினுக்குள் ஈரத்தைச் சேர்க்கும். அப்போது பிஸ்டன் ரிங் துருப்பிடித்து சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் "இஞ்சின் பிடிச்சுப் போச்சு" என்கிறோம்.

இப்படியான வண்டியைக் கியரில் போட்டுத் தள்ளவோ, கயிறு கட்டி இழுக்கவோ கூடாது. ரிங் உடையும், கனெக்டிங் ரொட் வளையும். சின்ன வேலை பெரிய செலவாகிவிடும்.

பெற்றோல் வண்டி என்றால் இப்படிச் செய்து பாருங்கள்:

1. பற்றரி வயரைக் கழற்றி, கியரை நியூட்ரலில் வையுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

2. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் டீசலும் இஞ்சின் ஒயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றுங்கள். பக்கத்தில் பீடி, விளக்கு வேண்டாம்.

3. இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். அசையாவிட்டால் மறுபடி ஊற்றுங்கள்.

4. சுற்றத் தொடங்கியதும் பிளக் போடாமலே சுற்றி, உள்ளே நிற்கும் எண்ணெயை வெளியேற்றுங்கள். துவாரத்துக்கு நேரே முகத்தைக் காட்டாதீங்க. சம்பில் இறங்கிய ஒயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

ஒரு வாரம் ஊறியும் அசையாவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். டீசல் இஞ்சினையும் அவரிடமே விடுங்கள்.

நிறுத்தும் வண்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சூடாகும்வரை ஓட வைத்தால் இந்தத் தொல்லையே வராது.