யன்னற் கயிறும் நோயாளியின் உரிமையும்: ஊவாத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு நோக்கு

வைத்தியசாலை யன்னலின் திரையை யார் இழுப்பது என்பது அற்பமான வினாவாகத் தோன்றலாம். மருந்துக்கும் கட்டிலுக்கும் தட்டுப்பாடு நிலவும் நாட்டில் திரைக் கயிற்றைப் பற்றி ஆராய்வது ஆடம்பரம் எனச் சிலர் கூறவுங் கூடும். ஆயினும் ஒளியும் காற்றும் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்து வந்துள்ளன என்பது, பெருந்தோட்ட வரலாற்றைப் பொறுத்தவரையில், வர்க்க உறவுகளோடு பின்னிப் பிணைந்த வினாவாகும். பதுளையையும் ஊவா மாகாணத் தோட்டங்களையும் முன்வைத்து இதனை நோக்குவோம்.

பிரித்தானியர் காலத்து லயன் அறை பொதுவாக 10 அடிக்கு 12 அடி அளவினது. முதுகோடு முதுகாய்க் கட்டப்பட்ட இரட்டை லயங்களிற் பின்சுவரில் யன்னல் வைப்பதற்கே இடமில்லை. தொடர்ந்து வேலை நிகழும் இடத்தில் ஆளொருவருக்கு மிகக் குறைந்தது 500 கன அடி வெளி வேண்டுமென ஆங்கில மருத்துவர்கள் ஒருமுகமாகக் கூறியதை, 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாந் தொகுதியில் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். லயன் அறையின் உயரம் 8 அடி எனக் கொள்ளின் அதன் கொள்ளளவு 960 கன அடியாகும். இவ்வளவையின்படி அது இருவருக்கே போதாது; ஆனால் அதனுள் வாழ்ந்தது முழுக் குடும்பம். பதுளை மாவட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘மீன்கள்’ என்னும் சிறுகதை, இவ்வொற்றை அறையின் நெருக்கமும் இருளும் மனித உறவுகளையே எவ்வாறு சிதைக்கின்றன என்பதைப் பொருளாகக் கொண்டது. இருள் அங்கே வெறும் பின்னணியன்று. உற்பத்தி உறவுகளின் விளைவு.

தோட்ட வைத்தியமும் இவ்வுறவுகளுக்குள்ளேயே தோன்றியது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் 1912ஆம் ஆண்டின் சட்டங்களும் தொழிலாளரின் நோயைக் கவனிக்கும் பொறுப்பினைத் தோட்டத்துடன் பிணைத்தன. தோட்டக்காரருக்கு நோயாளி என்பவர் வேலைக்கு வராத ஓர் ‘ஆள்’. அவரை மீண்டும் மலைக்கு அனுப்புவதே வைத்தியத்தின் முதல் நோக்கம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களுக்கும், 1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டதற்கும் பின்னர், 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் பல கட்டங்கட்டமாக அரசின் பொறுப்புக்கு மாறின. உடைமை மாறிற்று; நோயாளியைத் தாமாக எதனையும் தீர்மானிக்க இயலாதவராகக் காணும் நோக்கு உடன் மாறிவிடுவதில்லை.

ஒளியும் காற்றும் மருந்தின் பகுதியே என்பதற்குச் சான்றுகள் உள. 1859இலேயே புளோரன்ஸ் நைட்டிங்கேல் தூய காற்றுக்கு அடுத்தபடியாக நோயாளிக்கு வேண்டியது ஒளி என வற்புறுத்தினார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்த ரோஜர் உல்ரிச், யன்னலூடே மரங்களைக் கண்டோர் செங்கற் சுவரைக் கண்டோரினும் விரைவில் வீடு திரும்பினர் என 1984இல் எடுத்துக்காட்டினார். இயற்கைக் காற்றோட்டமுள்ள பொது விடுதிகளில் நோயாளியொருவருக்குச் செக்கனுக்குச் சராசரி 60 லீற்றர் காற்று வேண்டுமென 2009இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. காசநோய் போன்று காற்றினாற் பரவும் நோய்களைப் பொறுத்தவரை இது உயிர்ப் பிரச்சினையாகும்.

ஊவாவில் இத்தேவை பருவத்துக்குப் பருவம் மாறுவது. யூலை தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தையும் ஏலத்தில் நல்ல விலையையும் தருகின்றது. அதே காற்றும் வெயிலும் காய்ச்சலுற்றவரின் கண்ணைக் கூசச்செய்யும். வடகீழ்ப் பருவ மழைக்காலத்திலோ அரிதாய்க் கிடைக்கும் வெளிச்சத்துக்கு மனம் ஏங்கும். எனவே, திரையை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை நேரசூசி தீர்மானித்தல் இயலாது. நோயாளியே தீர்மானித்தல் வேண்டும்.

இனி, அவராற் தீர்மானிக்க முடிகின்றதா என நோக்குவோம். திரைக் கயிறு தலைக்கு மேலே, கட்டிலுக்கு அப்பால், யன்னலோரத்தில் தொங்குமாயின், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் ஒரு கையிற் சேலைன் ஏறிக்கொண்டிருப்பவருக்கும் அது இல்லாததற்குச் சமம். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு நியமங்கள் இத்தகைய கட்டுப்பாடுகளுக்குத் தெளிவான அளவைகளைத் தருகின்றன: பிடி தரையிலிருந்து 15 முதல் 48 அங்குல உயரத்துக்குள் இருத்தல், ஒரு கையால் இயங்குதல், இறுகப் பற்றவோ, கிள்ளவோ, முறுக்கவோ தேவையின்மை, 5 இறாத்தலுக்கு மேற்படாத விசை. மணிச் சங்கிலியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பற்றியே இழுக்க முடியும். பல்லாண்டுகள் கொழுந்து பறித்து மூட்டுவாதங் கண்ட ஒரு பெண்ணிடம், அவரது உழைப்பு முன்னரே பறித்துக்கொண்ட அதே விரல்களின் ஆற்றலை வைத்தியசாலையும் கோருவது எத்துணை முரண்!

தீர்வுகள் எளியவை. கட்டிலிலிருந்து எட்டக்கூடிய நீண்ட கோல், தடித்த பிடி, பக்கவாட்டில் எளிதில் நழுவும் திரை ஆகியவற்றுக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. தொங்கும் கயிற்று வளையம் குழந்தைகளின் கழுத்தை நெரிக்கக்கூடும். ஆதலால் அதனைச் சுவரோடு இறுக்கிப் பொருத்துதல் அல்லது தவிர்த்தல் வேண்டும். உளநோய் விடுதிகளிற் கயிறே ஆகாது. யன்னலருகே சக்கர நாற்காலி நிற்க இடம் விடுவதும், குறிப்புகளைத் தமிழிலும் சிங்களத்திலும் படங்களாலும் அமைப்பதும் அவசியமாகும்.

சட்டமும் இதற்கு இடமளிக்கின்றது. அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. அதன்கீழ்ப் பொதுக் கட்டடங்களின் அணுகுவசதி பற்றிய விதிகள் 2006இல் வெளிவந்தன. அஜித் பெரேராவின் மனுமீது உயர் நீதிமன்றம் 2011இல் அவற்றை நடைமுறைப்படுத்துமாறு கட்டளையிட்டது. ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஆனால் அணுகுவசதி என்பது வாயிற்படியிற் சாய்தளம் அமைப்பதோடு முடிந்துவிடுவதாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. வாயிலைக் கடந்து உள்ளே வந்தவர் அங்கே எதனைச் செய்ய முடிகின்றது என்பதே அடுத்த வினா.

‘முதலில் மருந்து, பின்னர் திரை’ என்னும் வாதம் இவ்விடத்தில் வலுவிழக்கின்றது. கட்டடம் எழும்போதே பிடியை இரண்டடி தாழ்த்திப் பொருத்துவதற்கு மருந்துச் செலவிலிருந்து எதனையும் குறைக்க வேண்டியதில்லை; கட்டியபின் மாற்றுவதற்கே பணம் தேவைப்படும். ஆகவே, ஊவாவிற் புதிதாக அமையும், திருத்தப்படும் ஒவ்வொரு வைத்தியசாலையின் வரைபடத்திலும் இது இடம்பெற வேண்டுமெனத் தொழிற்சங்கங்களும் அங்கவீனமுற்றோர் அமைப்புகளும் இப்போதே கோருதல் வேண்டும். யன்னலற்ற சுவருக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களுக்கு, யன்னலைத் தருவது மட்டும் போதாது. அதனைத் திறக்கவும் மூடவுமான அதிகாரமும் அவர்தம் கைக்கு எட்டுதல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.