காரில் எரியும் சிவப்பு விளக்கு



வட்டியில்லாக் கடன் கேட்டு அண்மையில் நம் டிரஸ்டுக்கு ஒரு சகோதரர் வந்தார். வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். ஏர்போர்ட்டில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஸ்டியரிங்கிற்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. "எட்டு கிலோமீட்டர்தானே செயலாளர் பாய், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்னு ஓட்டிட்டேன்" என்றார். வீடு வருமுன் எஞ்சின் பிடித்து நின்றுவிட்டது. கொஞ்சம் ஆயிலோடு முடிந்திருக்கக்கூடிய வேலை, எஞ்சினையே மாற்றுவதில் வந்து நின்றது.

அவர் பார்த்தது ஆயில் விளக்கு. நம் வீடுகளில் ஒளு செய்ய வைத்திருந்த கெண்டியைப் போல இருக்கும், மூக்கில் ஒரு சொட்டு தொங்கும். பலர் இதை "ஆயில் மாற்றும் நாள் வந்துவிட்டது" என்ற நினைவூட்டல் என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. எஞ்சினுக்குள் ஆயிலைச் செலுத்தும் அழுத்தம் விழுந்துவிட்டது என்று பொருள். ஆயில் ஏறாவிட்டால் இரும்போடு இரும்பு உரசும். சில நிமிடங்களே போதும். எரிந்தவுடன் ஓரம் கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். சமதரையில் சற்று நேரம் விட்டு, அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகிப் பாருங்கள். குறைந்திருந்தால் அதே வகை ஆயில் ஊற்றலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையவில்லையென்றால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

பொதுவாகச் சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு, பச்சையும் நீலமும் வெறும் தகவல்.

தெர்மாமீட்டர் போன்ற சிவப்பு விளக்கு, எஞ்சின் கொதிக்கிறது என்பதற்கு. ஏசியை அணைத்து, வண்டியை நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீச்சி அடிக்கும். எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம், விரிசல் விடும்.

பேட்டரி விளக்கு எரிந்தால் பேட்டரி கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் சார்ஜ் ஏறவில்லை என்பதுதான். ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் போய்ச் சேரலாம். வழியில் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ஆனால் பல வண்டிகளில் தண்ணீர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். பெல்ட் அறுந்திருந்தால் சூடும் ஏறும். அப்போது ஓட்டக் கூடாது.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி இருந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். இறக்கிய பிறகும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். மிதிக்கும்போது பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு "மெதுவாகப் போகலாம்" என்ற பேச்சே வேண்டாம்.

மஞ்சளில் எரியும் எஞ்சின் படம் நிலையாக இருந்தால் ஓரிரு நாளில் ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன கோட் வந்தது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கோடை அழித்து விளக்கை அணைப்பது ரிப்பேர் ஆகாது. அது விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்திவிட வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், அங்குள்ள விலையுயர்ந்த பாகத்தை எரித்துவிடும்.

ஏர்பேக் விளக்கு அணையாமல் இருந்தால் வண்டி ஓடும். விபத்தில் பை விரியாமல் போகலாம். விற்கும்போது இந்த விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுபவர்களும் உண்டு. குறையை மறைத்து விற்பது மார்க்கத்தில் என்ன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' நிலை வரை திருப்பி நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்குகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியாத விளக்கு இருந்தால் அதுவும் கோளாறுதான். வீட்டுப் பெண்களுக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள். ஓட்டுபவர் கவனிக்காததைப் பக்கத்தில் இருப்பவர் கவனிக்கக்கூடும்.

சகோதரருக்குக் கடன் கொடுத்தாயிற்று. பழைய எஞ்சின் ஒன்று வாங்கி மாட்டி மறுபடி ஓட்டுகிறார், அல்ஹம்துலில்லாஹ். முதல் தவணை கட்ட வந்தபோது, டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் டப்பா வைத்திருப்பதைத் திறந்து காட்டினார்.