வரைபடத்திலேயே முடிவாகும் பயணம்

புதிதாக ஒரு குடியிருப்பு எழும்போது, அங்கே குடிவரப்போகிறவர்கள் எப்படிப் போய்வருவார்கள் என்பது பெரும்பாலும் அவர்கள் வருவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. பேருந்து நிறுத்தம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது, பால் வாங்க நடந்தே போய்வர முடியுமா, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேற வேண்டுமா, கார் வாசலிலேயே நிற்குமா என்பவற்றையெல்லாம் குடிவந்த பிறகு மாற்றுவது கடினம். கட்டட வரைபடத்துக்கு அனுமதி தரும் மேசையில்தான் இவை முடிவாகின்றன. அதனால்தான் புகையையும் நெரிசலையும் குறைக்க நினைக்கும் நகரங்கள், சாலையை அகலப்படுத்துவதை விட்டுவிட்டு, திட்ட அனுமதி விதிகளைத் திருத்தத் தொடங்கியிருக்கின்றன.

இந்த விதிகளில் அதிகம் பேசப்படாததும், அதிகம் வேலை செய்வதும் வாகன நிறுத்த விதிதான். ஒரு வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்தும் இடம், ஒரு கடைக்கு இத்தனை என்று குறைந்தபட்ச அளவை விதிப்பது உலகின் பெரும்பாலான நகரங்களில் வழக்கம். அமெரிக்காவின் கொலம்பஸ் நகரம் 1923-லேயே அடுக்குமாடி வீடுகளுக்கு இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஜெர்மனியில் 1939-ஆம் ஆண்டு வந்த கராஜ் ஆணை, புதுக் கட்டடம் எழுப்புகிறவர் கார் நிறுத்த இடமும் கட்டியாக வேண்டும் என்றது. மோட்டார் வாகனங்களைப் பெருக்குவதே குறிக்கோள் என்று அந்த ஆணையின் முகப்பிலேயே எழுதியிருந்தார்கள். ஆணையிட்ட நாஜி ஆட்சி போனது, விதி போகவில்லை. போருக்குப் பிறகு ஜெர்மன் மாநிலங்களின் கட்டடச் சட்டங்களில் அது தொடர்ந்தது.

கார் நிறுத்தும் கட்டம் பார்வைக்குச் சிறியது. இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். ஆனால் கார் உள்ளே வர வழி வேண்டும், திரும்ப இடம் வேண்டும், அடித்தளம் என்றால் சரிவுப்பாதையும் வேண்டும். எல்லாம் சேர்ந்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகிவிடும். சிறிய ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு இது. இதற்கான செலவு வீட்டு விலையில் கரைந்துவிடுவதால், கார் இல்லாதவரும் அதைச் சுமக்கிறார். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப், 2005-இல் வெளியிட்ட பெரிய நூலில் இந்தக் கணக்கைத்தான் விரித்துக் காட்டினார். இலவசமாகத் தெரியும் பார்க்கிங்குக்கு எல்லோரும் விலை கொடுக்கிறார்கள், அந்த விலை கண்ணுக்குத் தெரியாததால் கார் மலிவானதாகத் தோன்றுகிறது என்பது அவர் வாதம்.

இந்த விதியோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டிய இடம் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. ஃப்ரைபர்க் நகரத்தின் மையத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி, 1930-களில் ஜெர்மன் ராணுவம் கட்டிய முகாம் ஒன்று இருந்தது. போருக்குப் பின் பிரெஞ்சுப் படை அதை எடுத்துக்கொண்டு, பதினேழாம் நூற்றாண்டின் கோட்டைப் பொறியாளர் வோபானின் பெயரைச் சூட்டியது. 1992-இல் அந்தப் படையும் வெளியேறியது. ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலம் நகராட்சியின் கைக்கு வந்தது. இன்று அங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள்.

வோபான் என்ற அந்தக் குடியிருப்பின் திட்ட விதி எளிமையானது. பெரும்பாலான தெருக்களில், வீட்டு மனைக்குள் கார் நிறுத்தும் இடம் கட்டக் கூடாது. கார் வைத்திருப்பவர் குடியிருப்பின் ஓரத்தில் உள்ள அடுக்குக் கராஜில் இடம் வாங்கி, அங்கேதான் நிறுத்த வேண்டும். சாமான் இறக்க வீட்டு வாசல் வரை காரைக் கொண்டுவரலாம். இறக்கியதும் எடுத்துப்போய்விட வேண்டும். உள்தெருக்களில் நடையின் வேகத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே வாசலை விட்டு இறங்கினால் டிராம் நிறுத்தமும் பக்கத்தில், கராஜும் அதே அளவு தூரத்தில். வாசலிலேயே நிற்கும் காருக்கு இருக்கும் சலுகை இந்தச் சிறு இடமாற்றத்திலேயே காணாமல் போகிறது. வோபான் திட்டத்தின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். காரை அங்கே யாரும் தடை செய்யவில்லை. பேருந்தும் காரும் ஒரே கோட்டில் நின்று புறப்படும்படி செய்தார்கள், அவ்வளவுதான்.

கார் வைத்துக்கொள்ளாதவர்களால்தான் சிக்கல் வந்தது. வீட்டுக்கு ஒரு நிறுத்துமிடம் வேண்டும் என்பது பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலச் சட்டம். கார் இல்லாத குடும்பம் எதற்காக 17,000 யூரோவுக்கும் மேல் கொட்டிக் கராஜில் இடம் வாங்க வேண்டும்? சட்டத்தையும் மீறாமல், இந்த வீண் செலவையும் தவிர்க்க, குடியிருப்பாளர்கள் காரில்லா வாழ்வுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். சங்கம் குடியிருப்பின் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தை வாங்கிப்போட்டது. கார் இல்லை என்று எழுத்தில் உறுதி கொடுக்கும் குடும்பங்கள், கராஜ் விலையில் ஒரு சிறு பங்கை மட்டும் கொடுத்து அந்த நிலத்தில் பங்குபெறுகின்றன. பின்னாளில் எல்லோரும் கார் வாங்கிவிட்டால் அங்கே கராஜ் கட்டிக்கொள்ளலாம் என்பது சட்டத்துக்குச் சொல்லப்பட்ட பதில். உறுதிமொழியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கராஜுக்காக ஒதுக்கிய அந்த நிலம் இன்றும் புல்வெளியாகத்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் வந்து உட்காரும் பொதுவெளி அது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கின்றன. ஆயிரம் பேருக்கு எத்தனை கார் என்று பார்த்தால், ஃப்ரைபர்க் நகரத்தின் சராசரியில் சுமார் பாதிதான் வோபானில் ஓடுகிறது.

பார்க்கிங் செலவை வீட்டு விலையிலிருந்து பிரித்ததுதான் இங்கே வேலை செய்தது. வீடு ஒரு விலை, காருக்கான இடம் வேறொரு விலை. கார் வாங்கலாமா என்று யோசிக்கும் குடும்பத்தின் முன்னால் அந்த இரண்டாவது தொகை தனியாக வந்து நிற்கிறது.

ஆனால் நிறுத்துமிடத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. போய்வர வேறு வழி இருக்க வேண்டும், அதுவும் குடிவரும் நாளிலேயே இருக்க வேண்டும். மனிதருடைய பயணப் பழக்கம் வீடு மாறும்போதுதான் இளகுகிறது. புது வீட்டில் முதல் சில மாதங்கள் காரில் போய்ப் பழகிவிட்டால், ஐந்து வருடம் கழித்து வரும் டிராம் அந்தப் பழக்கத்தை அசைக்கப் பெரும்பாடு பட வேண்டும். ஃப்ரைபர்க்கிலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. பழைய கழிவுநீர்ப் பண்ணை நிலத்தில் எழுந்த ரீசல்ஃபெல்டு என்ற குடியிருப்பில் 1990-களின் நடுவில் ஆட்கள் குடியேறத் தொடங்கினர். பின்னாளில் சுமார் பத்தாயிரம் பேர் வாழப்போகும் அந்த இடத்தில் ஒரு சிறு பகுதியே நிறைந்திருந்த 1997-லேயே டிராம் வந்துவிட்டது. வோபானுக்கு டிராம் வந்தது 2006-இல்தான். அதுவரை பேருந்தை வைத்துச் சமாளித்தார்கள். உறுதிமொழி எழுதிக்கொடுத்த குடும்பங்களின் பிடிவாதம் இல்லாவிட்டால் அந்த இடைவெளி ஆபத்தாகியிருக்கும். எல்லா ஊரிலும் அப்படிப்பட்டவர்களை எதிர்பார்த்து விதி எழுத முடியாது. ஆகவே இத்தனையாவது வீட்டில் ஆள் குடிவரும் முன் பேருந்து ஓட வேண்டும் என்று அனுமதியிலேயே நிபந்தனை போடுவது நல்ல வழி. இங்கிலாந்தில் இத்தகைய நிபந்தனைகள் வழக்கத்தில் உள்ளன.

தெருக்களை வரையும் விதமும் பயணத்தைத் தீர்மானிக்கிறது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் அருகே உள்ள ஹௌட்டன் என்ற ஊர் 1970-களில் இதற்காகவே வரையப்பட்டது. ஊரைச் சுற்றி ஒரு வளையச் சாலை. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் காரில் போக வேண்டுமென்றால் வளையத்துக்கு வெளியே போய், சுற்றி, மறுபடி உள்ளே வர வேண்டும். சைக்கிளில் போகிறவருக்கு ஊரின் நடுவே நேர்வழி. ரயில் நிலையமும் கடைகளும் அந்த நடுவில்தான். அதனால் குழந்தை பள்ளிக்குச் சைக்கிளில் போவது அங்கே யாருக்கும் சாதனையாகத் தெரிவதில்லை. அதுதான் சுருக்கு வழி.

வோபானும் ஹௌட்டனும் சிறியவை. பெருநகரம் ஒன்று இதே வழியில் போக முடியுமா என்ற கேள்விக்கு லண்டன் பதில் சொல்கிறது. 2004-இல் லண்டன் திட்டம் பழைய விதியைத் தலைகீழாக்கியது. குறைந்தது இத்தனை கார்களுக்கு இடம் வேண்டும் என்பது போய், அதிகபட்சம் இத்தனைதான் என்று வந்தது. அடுத்த ஆறு ஆண்டுகளில் புதுக் கட்டடங்களில் அமைந்த நிறுத்துமிடங்களை ஆராய்ந்தவர்கள், பழைய விதி நீடித்திருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட அவை சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்ததைக் கண்டார்கள். வியப்பு என்னவென்றால், இந்தக் குறைவு ஏறத்தாழ முழுவதும் குறைந்தபட்ச விதியை நீக்கியதாலேயே நேர்ந்தது. அதிகபட்ச வரம்பின் பங்கு மிகச் சிறிதே. கட்டியவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் அத்தனை இடம் தேவைப்படவே இல்லை. விதிதான் அவர்களைக் கட்டவைத்துக்கொண்டிருந்தது.

எங்கே எவ்வளவு அனுமதிப்பது என்பதற்கு லண்டன் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. ஒரு மனையிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் எத்தனை நிமிட நடை, அங்கே எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று கணக்கிட்டு, பூஜ்யம் முதல் ஆறு வரை அந்த இடத்துக்கு மதிப்பெண் தருகிறார்கள். பேருந்துக்கு எட்டு நிமிட நடையும் ரயிலுக்குப் பன்னிரண்டு நிமிட நடையும்தான் கணக்கில் வரும். அதைத் தாண்டியவை இல்லாததற்குச் சமம். மதிப்பெண் கூடக் கூட அனுமதிக்கப்படும் பார்க்கிங் குறையும். 2021-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, வசதி நன்றாக உள்ள இடங்களில் கார் நிறுத்தமே இல்லாத கட்டடம்தான் தொடக்கப்புள்ளி. மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுத்துமிடம் மட்டும் அங்கேயும் கட்டாயம். சைக்கிளுக்கோ கணக்கு எதிர்த்திசையில் போகிறது. இருவர் தங்கும் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு ஒன்றரை, அதைவிடப் பெரிய வீட்டுக்கு இரண்டு என்று குறைந்தபட்ச எண்ணிக்கை விதித்திருக்கிறார்கள்.

இந்த மாதிரி விதிகளில் ஓட்டை விழும் இடம் பக்கத்துத் தெரு. கட்டடத்துக்குள் இடம் இல்லையென்றால் அண்டை வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுப் போகிறவர் எல்லா ஊரிலும் உண்டு. வோபானிலும் இந்தப் புகார் இருந்தது. தெருவில் நிறுத்தக் கட்டணமோ அனுமதிச்சீட்டோ இல்லாத ஊரில் கட்டட விதி மட்டும் பயன் தராது. லண்டனின் பல பகுதிகளில் தெருவில் நிறுத்த மாநகராட்சியின் அனுமதிச்சீட்டு வேண்டும். புதுக் கட்டடத்துக்கு அனுமதி தரும்போதே, அதில் குடிவருவோருக்கு இந்தச் சீட்டு கிடையாது என்று ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். வீட்டை வாங்குகிறவருக்கு இது முன்கூட்டியே தெரியும்.

இங்கிலாந்தில் பெரிய கட்டுமானங்களுக்குப் பயணத் திட்டம் என்ற ஆவணமும் கேட்கப்படுகிறது. குடிவருகிறவர்களுக்கு முதல் சில மாதங்களுக்குப் பேருந்துப் பயணச்சீட்டு, பகிர்வுக் கார் சங்கத்தில் உறுப்பினர் கட்டணம், அலுவலகம் என்றால் சைக்கிளில் வருகிறவர் குளிக்க ஓர் அறை, இவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர் என்று அதில் எழுதித்தர வேண்டும். நல்ல பயணத் திட்டத்தில் இலக்கும் அதை அளக்கும் முறையும், எட்டாவிட்டால் கட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கும். இவை இல்லாத ஆவணம் கோப்பில் தூங்கும். கட்டுநர் வீடுகளை விற்றுவிட்டுப் போன பிறகு யார் கேட்பது என்பதுதான் இதன் பலவீனம்.

அமெரிக்காவும் திரும்பத் தொடங்கியிருக்கிறது. பஃபலோ நகரம் 2017-இல் குறைந்தபட்சப் பார்க்கிங் விதியை நகரம் முழுவதும் கைவிட்டது. கலிபோர்னியா மாநிலம் 2022-இல் இயற்றிய சட்டம், முக்கியப் பொதுப் போக்குவரத்து நிறுத்தங்களிலிருந்து அரை மைலுக்குள் அமையும் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் அந்த விதியை விதிக்கக் கூடாது என்றது.

இந்தியாவில் பார்க்கிங் பற்றிய சட்ட விவாதம் வேறு திசையில் போனது. அடுக்குமாடியின் தூண்தளத்தில் உள்ள கார் நிறுத்தத்தைக் கட்டுநர் தனியாக விற்கலாமா என்ற மும்பை வழக்கில், விற்க முடியாது, அது எல்லோருக்கும் பொதுவான இடம் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. வாங்குகிறவரைப் பாதுகாக்கும் நல்ல தீர்ப்பு அது. ஆனால் நிறுத்துமிடத்தைக் கட்டாயமாக்கும் விதியும் கூடவே இருப்பதால், பொது இடத்தின் செலவு எல்லா வீடுகளின் விலையிலும் ஏறுகிறது. ஸ்கூட்டர் மட்டும் வைத்திருப்பவரும், பேருந்தில் வேலைக்குப் போகிறவரும் அதில் பங்கு கொடுக்கிறார்கள். வோபான் பிரித்த இரண்டு விலைகள் இங்கே ஒன்றாகவே இருக்கின்றன.

சாலைகளில் நகர வேண்டியது மனிதர்கள், வண்டிகள் அல்ல என்று தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. 2017-இல் வந்த மற்றொரு தேசியக் கொள்கை, மெட்ரோ போன்ற நிலையங்களைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரையிலான நடை தூரத்துக்குள் நெருக்கமாகக் கட்டவும், அங்கே கார் நிறுத்த இடத்தைக் குறைக்கவும் வழிகாட்டுகிறது. இதில் முதல் பாதி கட்டுநருக்கு இனிப்பானது, கூடுதல் எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்புக்கு ஏற்பக் கட்ட அனுமதிக்கப்படும் தளப்பரப்பின் விகிதம்) கிடைத்தால் கூடுதல் வீடுகளை விற்கலாம். இரண்டாம் பாதியைச் சேர்த்துச் செய்யாவிட்டால் விளைவு எதிராகிவிடும். வீட்டுக்கு இத்தனை கார் என்ற கணக்கு மாறாமல் நிலையத்தின் அருகே வீடுகள் மட்டும் இரட்டிப்பானால், அடித்தளக் கார்களும் இரட்டிப்பாகும். அந்தக் கார்கள் ஏறி இறங்கும் சரிவுப்பாதைகள், ரயிலைப் பிடிக்க நடந்து வருகிறவர்களின் நடைபாதையைக் கட்டடத்துக்குக் கட்டடம் வெட்டிக்கொண்டு போகும்.