பலூன் வெடித்த முதல் ஐந்து நிமிடம்

செயல்திட்டம் ஒப்படைக்கும் தேதி நெருங்கிவிட்டது போலிருக்கிறது. வானிலை பலூனில் கேமரா கட்டி மேலே அனுப்பத் துணிந்திருக்கும் மாணவர்களின் கடிதங்கள் குவிகின்றன. பெரும்பாலானவை கேட்பது ஒன்றைத்தான்: வீட்டில் தைக்கும் பாராசூட் எத்தனை அடி இருக்க வேண்டும்? அந்தக் கணக்கு எளிது, முதலில் முடித்துவிடலாம். ஒரு கிலோ பெட்டி வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் தரை தொட, சுமார் ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத் துணி போதும். நெஞ்சு உயரத்திலிருந்து கைநழுவிய பொருள் தரையில் மோதும் வேகம்தான் அது. கடையில் விற்கும் பாராசூட்களுக்கும் இப்படி ஒரே ஓர் இறங்கு வேகத்தைத்தான் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் அது தரையை ஒட்டிய காற்றுக்கு உரிய எண். பலூன் வெடிக்கும் இடத்தில் அந்தக் காற்று கிடையாது.

30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் எழுபதில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். இறங்கும் வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், கீழே 5 மீட்டரில் இறங்கும் அதே பாராசூட் அங்கே 40 மீட்டரில், அதாவது மணிக்கு ஏறத்தாழ 145 கிலோமீட்டரில் விழும். முதல் ஐந்து நிமிடத்திலேயே எட்டு கிலோமீட்டர் போய்விடும். கோளாறு நடப்பதும் இங்கேதான். பலூனுக்கும் பெட்டிக்கும் நடுவே பாராசூட் மடிக்கப்படாமல், உச்சியில் கட்டித் தொங்கியபடியே மேலே போகிறது. வெடித்ததும் மேலிருந்து இழுத்த விசை போய்விடுகிறது. துணியை விரிக்க வேண்டிய காற்றோ பெயரளவுக்குத்தான் இருக்கிறது. பெட்டி கரணம் அடிக்கிறது, கயிறுகள் முறுக்கிக்கொள்கின்றன, கிழிந்த ரப்பர் துணியின் மேலேயே வந்து விழுகிறது. பலூனை 600 கிராம், 1200 கிராம் என்று சொல்லி விற்கிறார்களே, அது ரப்பரின் எடை. பெட்டியின் எடைக்குச் சமமான ரப்பர் முடிச்சில் தொங்கிக்கொண்டு வரலாம். பாராசூட் கணக்கில் அதைச் சேர்த்தவர்கள் எத்தனை பேர்?

'விதிப்படி பாதுகாப்பானது' என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். பலரும் மேற்கோள் காட்டும் அமெரிக்க விமானத் துறை விதி, சிறிய பலூன்களுக்கு விலக்கு அளிக்கும்போது பார்ப்பது பெட்டியின் எடையை, அதன் பரப்பில் சதுர அங்குலத்துக்கு எத்தனை அவுன்ஸ் என்பதை, தொங்கும் கயிறு 50 பவுண்டு விசைக்குள் அறுமா என்பதை. பாராசூட் விரிந்ததா என்று அந்த வரையறை கேட்பதே இல்லை. அதன் அகராதியில் 'பாதுகாப்பு' என்றால் 'லேசானது', அவ்வளவுதான்.

அப்படியானால் துணியைப் பெரிதாக வெட்டிவிட்டால் தீராதா என்பார்கள். தீராது. வேகத்தைப் பாதியாக்கப் பரப்பை நான்கு மடங்காக்க வேண்டும். சுமார் நாற்பது நிமிட இறக்கம் எண்பது நிமிடமாகும், காற்று அடித்துக்கொண்டு போகும் தூரமும் இரட்டிக்கும். முறுக்கிக்கொண்டால் பெரிய துணியும் கயிறுதான். செலவழிக்கும் கவனத்தைச் சிக்கல் தடுப்பதில் செலவழிப்பதே சரி. எம்பிராய்டரி போடும் மரவளையம் ஒன்றைத் துணிக்குக் கீழே கயிறுகளோடு கட்டினால் அவை ஒன்றோடொன்று சேராது. கூடுவது சில பத்து கிராம் எடை. அதைப் பெட்டியில் குறைத்துக்கொள்ளலாம். பெட்டிக்கு மேலே தூண்டிலில் போடும் ஸ்விவல் ஒன்று இருந்தால் பெட்டியின் சுழற்சி கயிற்றுக்கு ஏறாது. துணியின் நடு உச்சியில் ஒரு துளை அவசியம். காற்று ஓட்டையில் வீணாகாதா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு மீட்டர் துணியில் 10 சென்டிமீட்டர் துளை என்பது பரப்பில் நூற்றில் ஒன்று. அது இல்லாவிட்டால் உள்ளே திரண்ட காற்று ஓரம் மாற்றி ஓரமாக வழிந்து, பெட்டியை ஊஞ்சலாட்டும். 1797 அக்டோபர் 22 அன்று பாரிஸில் பலூனிலிருந்து இறங்கிய கார்னெரினின் பாராசூட்டில் உச்சித் துளை இல்லை. அவர் நின்ற கூடை பயங்கரமாக ஆடியது. துளைக்குக் குறுக்கே இரண்டு நாடாக்களைப் பெருக்கல் குறியாகத் தைத்து, பலூன் கயிற்றை அவை சந்திக்கும் இடத்தில் கட்டுங்கள். ஏறும்போது இழுவை துணியில் விழாமல் நாடாவில் விழும்.

சோதிப்பது எப்படி? பெட்டிக்குப் பதில் மணல் பையைக் கட்டி, கயிறுகளை ஐந்தாறு முறுக்கு முறுக்கி, ஆள் நடமாட்டமில்லாத பக்கமாக மூன்றாவது மாடியிலிருந்து போடுங்கள். பிரிந்து விரிந்தால் சரி.

எந்தத் துணி? ரிப்ஸ்டாப் நைலான், வெட்டிய ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால் நூல் பிரியாது.

பிளாஸ்டிக் பை ஆகாதா? தையல் போட்ட இடத்தில் கிழியும்.

அனுமதி? நம் நாட்டில் கேட்காமல் விடக் கூடாது. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடமும் விமான நிலைய ஆணையத்திடமும் எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை காத்திருங்கள்.

பெட்டியின் மேல், இது ஆபத்தில்லாத மாணவர் கருவி என்று தொலைபேசி எண்ணுடன் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வடக்கே காற்றடிக்கும் நாளென்றால் தெலுங்கிலும்.