ஒளித் தோட்டமும் 20,000 யென்னும்

ஜப்பான் நாட்டிலே, டோக்கியோ மாநகருக்கு வடக்கே, அஷிகாகா என்றோர் ஊர். அங்குள்ள மலர்ப்பூங்காவுக்குப் பிப்ரவரித் திங்களில் ஒரு மாலை சென்றோம். பூங்காவுக்கென்றே 2018-ல் இரயில் நிலையம் திறந்திருக்கிறார்கள். கடுங்குளிர், காது மரத்துப் போயிற்று. ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. காதலர் நாள் நெருங்குகிறதல்லவா!

அப்பூங்காவின் பெருமை ஒரு கொடி. விஸ்டீரியா என்பார்கள். நம்மூர்ச் சரக்கொன்றை ஊதா நிறத்தில் பந்தல் முழுதும் தொங்குவதாக எண்ணிக் கொள்ளுங்கள், அதுதான். வயது 150-க்கு மேல். 1996-ல் அதைப் பழைய இடத்திலிருந்து பெயர்த்து, 20 கிலோமீட்டர் கொண்டுவந்து இங்கே நட்டார்கள். முடியாது என்று பலர் கைவிரித்த வேலை அது. ஜப்பானின் முதல் பெண் மர மருத்துவரான கோனாமி ட்சுகாமோட்டோ, எலும்பு முறிந்தவனுக்குப் போடுவது போல அடிமரத்துக்கு மாவுக்கட்டுப் போட்டு அதைக் காப்பாற்றினார். இன்று 1,000 சதுர மீட்டர் பந்தலை மூடிப் படர்ந்திருக்கிறது!

பிப்ரவரியில் அக்கொடியில் பூவுமில்லை, இலையுமில்லை. பூத்திருப்பவை விளக்குகள். பூங்கா முழுவதும் 50 இலட்சத்துக்கு மேல்! ஊதாச் சரங்கள் காற்றிலே அசைகின்றன. குளத்து நீரில் இன்னொரு பந்தல் தலைகீழாகத் தொங்குகிறது. கண்கொள்ளாக் காட்சி என்றால் மிகையல்ல.

அந்த ஊதாவைப் பார்த்து நின்றபோதுதான் ஒரு தொழிலாளியின் நினைவு வந்தது. காதலர் தோட்டத்திலும் கூலிக் கணக்கா என்று நண்பர் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஊதாவுக்கு நீலம் வேண்டும். வெள்ளைக்கும் நீலம் வேண்டும். எல்.இ.டி. விளக்கில் சிவப்பு 1962-லேயே வந்துவிட்டது. நல்ல நீலம் வர மேலும் முப்பதாண்டு ஆயிற்று. நகோயாவில் அகசாகி, அமானோ என்ற பேராசிரியரும் மாணவரும் பாடுபட்டார்கள். சிக்கோகு தீவில், ஒரு நிறுவனத்தில் ஊதியத்துக்கு உழைத்தவர் ஷூஜி நகமுரா. நிறுத்து என்று நிர்வாகம் சொல்லியும் வேலையை நிறுத்தவில்லை என்கிறார் அவர். 1993-ல் பளிச்சென்ற நீலம் வெளிவந்தது. 2014-ல் மூவருக்கும் நோபல் பரிசு!

ஆனால் நிறுவனம் கண்டுபிடிப்புக்காக நகமுராவுக்குத் தந்த வெகுமதி எவ்வளவு? 20,000 யென்! ஆய்வுக்குப் பணம் போட்டது நிறுவனந்தான். அதை நாம் மறுக்கவில்லை. போட்டதையும் எடுத்ததையும் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவே. அவர் 2001-ல் வழக்குத் தொடுத்தார். 2004-ல் டோக்கியோ நீதிமன்றம், 2,000 கோடி யென் கொடு என்றது. மேல்முறையீடு! 2005-ல் உடன்பாடு, வட்டியும் சேர்த்துச் சுமார் 84 கோடி யென். மனநிறைவின்றியே ஒப்புக்கொண்டார்.

இந்த நாட்டில் காதலர் நாளன்று பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் தருவார்கள். காதலனுக்கு மட்டுமா? அலுவலகத்து மேலாளருக்கும் கடமைக்காக ஒரு பெட்டி! அதற்கும் 'கடமைச் சாக்லேட்' என்றே பெயர். வாங்கியவர் மார்ச் 14-ல் திருப்பிச் செய்யவேண்டும் என்பது வழக்கம். ஒரு பெட்டி மிட்டாய்க்கு ஒரு மாதத் தவணை. நீல விளக்குக்குப் பன்னிரண்டு ஆண்டு!

வெளியே வரும் வழியில் இரண்டு பணியாளர்கள் ஏணி வைத்து, அணைந்துபோன ஒரு சரத்தைச் சரிபார்த்துக் கொண்டிருந்தார்கள். கையுறையைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு, வெறும் விரலால் கம்பியைத் திருகினார் மேலே நின்றவர். இளம் இணை ஒன்று படமெடுக்க வந்தது, ஏணி மறைத்தது. பணியாளர்கள் தலைகுனிந்து வணங்கி, ஏணியை அகற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். படம் எடுத்து முடிந்தது. ஏணி மீண்டும் பழைய இடத்துக்கு வந்தது.